ஜெசிந்தாவின் தமிழ்

ஃப்ளோரன்ஸ் அந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டது ஒரு சாவு வீட்டில். ராயபுரத்தில் அவர்கள் சந்தின் கடைசி வீட்டு சிலுவையம்மாள் இறந்துபோயிருந்தாள். அந்தச் சந்தில் யார் இறந்தாலும் செபமாலையை முன்னின்று சொல்வது ஃப்ளோரன்ஸ்தான். யாரும் பேசி முடிவு செய்ததல்ல, அப்படியே பழகிவிட்டது. அன்று அலுவலகத்தில் நேரமாகிவிட்டது. துறைமுகத்துக்கு எதிரே ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் அவள் டைப்பிஸ்ட். ஏதோ ஒரு கப்பலின் காகித வேலை முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. அவள் சந்துக்குள் நுழையும்போது செபமாலை தொடங்கியிருந்தது. வேறு ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உரத்த குரல் இல்லை. ஆனால் வாசல்வரை தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போனாள். ஃப்ளோரன்ஸ் செபமாலை சொல்லும்போது ஒரு பக்கம் அழுகையும் நடந்துகொண்டிருக்கும். இன்று அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஃப்ளோரன்ஸ் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். யார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டபோது, எதிர்ச்சாரி மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் சிலோன்காரி, பெயர் ஜெசிந்தா என்று சொன்னாள். சொல்லிவிட்டு, இன்னா அழகா சொல்லுது பாரு என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஃப்ளோரன்ஸுக்கு அப்படிப்பட்ட தமிழ் தானாக வந்ததில்லை. வீட்டில் பேசியது ராயபுரத்துப் பேச்சு. கன்னியாஸ்திரீகள் நடத்திய கல்லூரியில் சேர்ந்த புதிதில், பேருந்துக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லும்போது, "அப்டியே இஸ்துக்கினு போயிட்டாங்கோ" என்றுவிட்டாள். வகுப்பே சிரித்தது. தஞ்சாவூர்ப் பெண்களும் திருநெல்வேலிப் பெண்களும் அந்த வருடம் முழுவதும் அவளைப் பார்த்தால் "இன்னாமே" என்றார்கள். அவள் மொட்டைமாடியில் ஏறி விவிலியத்தை உரக்கப் படித்துப் படித்து நாக்கைப் பழக்கினாள். கல்யாணமாகி, மகன் பிறந்து, அவன் வளர்ந்து மஸ்கட்டுக்குக் கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் முதல் வாசகம் பெரும்பாலும் அவளுடையது. வாசக மேடையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் அவள் பேச்சைக் கேட்டு உலகத்தில் யாரும் சிரிக்க முடியாது. மேடையிலிருந்து இறங்கி வந்தால், சந்தில் கீரைக்காரியிடம் பழைய பேச்சிலேயே பேரம் பேசுவாள்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவளைப் பெற்றவர்கள் இலங்கைச் சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அவள் பிறந்தது மண்டபம் அகதி முகாமில். வளர்ந்ததும் நெல்சனைக் கல்யாணம் செய்துகொண்டதும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து முகாமில். இலங்கையை அவள் கண்ணால் பார்த்ததில்லை. இந்தியாவை விட்டு வெளியே போனதுமில்லை. ஆனாலும் அவள் இந்தியப் பிரஜை இல்லை. அவள் கணவன் நெல்சனும் இல்லை, இங்கேயே பிறந்த மகள் டிலானியும் இல்லை. நெல்சன் எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைத் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் பெயின்ட் அடித்தான். ஜெசிந்தா காசிமேட்டில் ஒரு கொட்டகையில் இறால் உரித்தாள். டிலானி ஒன்பதாம் வகுப்பு. அவள் படிப்புக்காக முகாமுக்கு வெளியே குடியிருக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை முகாமில் தலை எண்ணுவார்கள். அன்றைக்கு மூன்று பேரும் அங்கே போய் நிற்க வேண்டும்.

முதலில் ஃப்ளோரன்ஸ் நல்லபடியாகத்தான் இருந்தாள். தண்ணீர் லாரி வரும் நேரத்தைச் சொல்லிக் கொடுத்தாள், ஒரு பழைய டிரம்மும் கொடுத்தாள். பங்குத்தந்தை ஜெசிந்தாவை வாசகத்துக்கு அழைத்த பிறகுதான் எல்லாம் மாறியது. தெற்கேயிருந்து வந்த இளம் சாமியார் அவர். கள்ளமில்லாத மனிதர், அதனாலேயே எதை யாரிடம் சொல்வது என்று தெரியாதவர். ஒருநாள் பூசை முடிந்து பொருளறையில் அங்கியைக் கழற்றிக்கொண்டே ஃப்ளோரன்ஸிடம் சொன்னார்.

"நீங்க ரொம்ப நல்லா வாசிக்கிறீங்கம்மா. ஆனா வாசிக்கிறது தெரியுது. அவங்க பேசுற மாதிரியே இருக்கு."

அந்த ஒரு வாக்கியத்தை ஃப்ளோரன்ஸ் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பல நாள் வைத்திருந்தாள்.

அவள் கணவன் இன்னாசி திருவொற்றியூரில் ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கோயிலுக்கு வந்தாலும் தூண் ஓரம் பார்த்து நிற்கிறவன். வாசகத்தை எல்லாம் காதில் போட்டுக்கொள்கிறவன் என்று ஃப்ளோரன்ஸ் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் சொன்னான்: "அந்தப் பொண்ணு படிக்கசொல்ல ஏசப்பாவே பக்கத்துல குந்திக்கினு சொல்றாப்புல கீது ஃப்ளோரி." அதன் பிறகு அவன் குழம்பு கேட்டபோது தீர்ந்துவிட்டது என்றாள். சட்டியில் பாதிக்கு மேல் இருந்தது.

ஜெசிந்தா மேடையில் நிற்கும்போதெல்லாம் ஃப்ளோரன்ஸ் பூசைப் புத்தகமான மிசலைத் திறந்து ஒவ்வொரு வரியையும் விரலால் தொடர்ந்தாள், எங்காவது தப்பு வருமா என்று. வரவில்லை. ஒருமுறை கோயில் வாசலில் ஜெசிந்தா தேநீரைத் தேத்தண்ணி என்றாள். ஃப்ளோரன்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு, சந்துக்காரர்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் சொல்லிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு வேறு. குழந்தை ஏதோ மழலை பேசியதுபோல் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும் சிரிப்பு. "கேக்கவே சோக்கா கீது இல்ல?" என்றாள் ஒருத்தி. தன்னைப் பார்த்துக் கல்லூரியில் சிரித்தவர்களின் சிரிப்பு அவளுக்கு இன்னமும் நினைவிருந்தது. ஜெசிந்தா பேசியதும் தான் பேசியதும் ஊர்ப் பேச்சுதான். அவளுடையது இனிமையாம், தன்னுடையது அசிங்கமாம். யார் முடிவு செய்தார்கள்?

பாவசங்கீர்த்தனத்தில் அவள் பொறாமை என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஒருவர்மேல் மனக்கசப்பு என்று மட்டும் சொன்னாள். சாமியார் சுலபமான பரிகாரம் கொடுத்து அனுப்பினார்.

ஆகஸ்ட் பதினைந்து மாதா விண்ணேற்புத் திருநாள், சுதந்திர தினமும் அதுதான். அவர்கள் கோயிலில் பூசை முடிந்ததும் மாதா சிலை இருக்கும் கெபிக்கு எதிரே கொடியேற்றுவார்கள். சில வருடங்களாக அதற்குப் பிறகு அரசியல் சட்டத்தின் முகவுரையை ஒருவர் உரக்க வாசிப்பதும் வழக்கமாகியிருந்தது. எல்லா வருடமும் வாசித்தது ஃப்ளோரன்ஸ். இந்த வருடம் பூசையில் வாசகம் ஃப்ளோரன்ஸ், கொடிக்கம்பத்தடியில் முகவுரை ஜெசிந்தா என்று சாமியார் அறிவித்தார். பிரித்துக் கொடுத்தால் பிரச்சினை இல்லை என்று நினைத்திருப்பார்.

அந்த வாரம் பங்குப் பேரவை கூடியது. பந்தல், ஒலிபெருக்கி, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் பேசி முடித்த பிறகு ஃப்ளோரன்ஸ் எழுந்தாள். வாசக மேடையில் பேசும் தமிழில் பேசினாள்.

"ஃபாதர், முகவுரை 'இந்திய மக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது. இந்தியர் அல்லாத ஒருவர் அதை எப்படிச் சொல்ல முடியும்?"

அவள் இதற்கு முன்னால் பிரஜை, பிரஜை அல்லாதவர் என்று ஒருநாளும் யோசித்தவள் அல்ல. ஆனால் சொல்லிப் பார்த்ததும் அது நியாயமாகவே ஒலித்தது. தேசத்தின் பெயரால் சொல்லும்போது அதில் தன் பொறாமை இல்லாததுபோல் இருந்தது.

பேரவைச் செயலாளர் பிராங்கிளின் துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பயந்த சுபாவம். அவருக்கு அந்தக் கேள்வியில் வேறு ஆபத்து தெரிந்தது. ஏற்கெனவே நம்மை வெளிநாட்டு மதம் என்கிறார்கள், கோயில் வாசலில் நின்று எவனாவது செல்போனில் படம் பிடித்துப் போட்டால் கொடிக்கு அடியில் வெளிநாட்டுக்காரியை நிறுத்தினார்கள் என்று எழுதுவான், பிறகு பதில் சொல்லி மாளாது என்றார். ஓரிருவர் தலையாட்டினார்கள். ஓரிருவர், அந்தப் பெண் இங்கேயே பிறந்தவள், தமிழச்சி, அவளை எப்படி வெளிநாடு என்பது என்று கேட்டார்கள்.

சாமியார் முகம் சிவந்துவிட்டது. குழந்தை ஏசுவின் திருக்குடும்பமே ஏரோது ராஜாவுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடிப்போன அகதிக் குடும்பம்தானே என்றார்.

"எகிப்துல அவங்கோ கொடி ஏத்தலியே சாமி" என்றார் பிராங்கிளின்.

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போதுதான் ஜெசிந்தா கதவோரம் நிற்பதை ஃப்ளோரன்ஸ் பார்த்தாள். முகவுரையை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லி சாமியார்தான் வரச்சொல்லியிருக்கிறார். இறால் வாடை போகக் குளித்து, தலைமுடி ஈரமாக வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அக்கா சொல்றது சரிதானே ஃபாதர்" என்றாள் ஜெசிந்தா. "நான் வாசிச்சா அது பொய்யாப் போயிடும். அக்காவே வாசிக்கட்டும்."

கோபமாகவும் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்ததும் பெண்கள் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். தனக்கு வேண்டியது கிடைத்துவிட்ட ஃப்ளோரன்ஸ் தனியாக வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் ஒன்றுதான் அவளைத் தின்றது: விட்டுக்கொடுத்த அந்த இரண்டு வரியைக்கூட எவ்வளவு அழகாகச் சொன்னாள்.

சுதந்திர தினம் நெருங்கியதால் எல்லா இடத்திலும் சோதனை கூடியிருந்தது. ஒரு மாலை ஃப்ளோரன்ஸ் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது சந்து முனையில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் நின்றிருந்தார். மஃப்டியில் இருந்தாலும் போலீஸ் என்று தெரிந்தது. மரியாதையாக, மேடம் என்று கூப்பிட்டு, மாடியில் இருக்கும் சிலோன் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். போன மாதக் கணக்கெடுப்புக்கு மூன்று பேருமே வரவில்லை. அன்றைக்கு மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்ததாகக் கணவன் பிறகு வந்து சொன்னானாம். இதே காரணத்தை வேறு சிலரும் பொய்யாகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் அக்கம்பக்கத்தில் கேட்டுப் போக வந்தேன் என்றார்.

ஃப்ளோரன்ஸுக்கு எல்லாம் தெரியும். டிலானிக்கு டெங்கு. அரசாங்க ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். நெல்சனும் ஜெசிந்தாவும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை காலை ஜெசிந்தா வெந்நீர் ஃப்ளாஸ்க் எடுக்க வீட்டுக்கு ஓடி வந்து, அதே ஓட்டத்தில் திரும்பிப் போனாள். ஃப்ளோரன்ஸ் கஞ்சி வைத்து, தன்னால் போக முடியாது என்று இன்னாசியிடம் கொடுத்து அனுப்பினாள்.

"அன்னிக்கு அவங்களைப் பார்த்தீங்களா மேடம்?"

"சனிக்கிழமை காலையில் ஜெசிந்தாவை இந்தச் சந்தில் பார்த்தேன்."

"பொண்ணு ஆஸ்பத்திரில இருந்துச்சா?"

"நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை."

அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார். அவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தான் சொன்னதில் பொய் எங்கே என்று தேடினாள். இரண்டும் நடந்தவைதான். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை அவள் மீறவில்லை. அப்படியென்றால் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று மட்டும் அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பதினைந்தாம் தேதி காலை மழை வரும்போல் இருந்து, வரவில்லை. பிராங்கிளின் கயிற்றை இழுக்க, கொடி இரண்டு முறை சிக்கிக்கொண்டு பிறகு விரிந்தது. ஃப்ளோரன்ஸ் ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். காகிதம் தேவையில்லாத அளவுக்கு அவளுக்கு அது மனப்பாடம். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவள் எதையும் வாசித்ததில்லை. சமத்துவம், சகோதரத்துவம் என்ற சொற்களை ஜெசிந்தாவைப் போலவே அவசரமில்லாமல் முழுதாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தபோது கூட்டத்தின் கடைசி வரிசையில் ஜெசிந்தாவைப் பார்த்தாள். மகளின் சட்டையில் காகிதக் கொடி குத்தியிருந்தது. ஜெசிந்தாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. முகாமுக்குப் பக்கத்து அரசாங்கப் பள்ளியில் படித்தவள், பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் படித்தே மனப்பாடம் செய்திருப்பாள். ஒலிபெருக்கியில் ஃப்ளோரன்ஸின் குரல் ஒரு சொல்லைச் சொல்லும்போது அங்கே சத்தமில்லாமல் அதே சொல் முடிந்துகொண்டிருந்தது. ஃப்ளோரன்ஸ் கடைசி வரிகளைக் காகிதத்தைப் பார்த்துக் குனிந்தபடியே வாசித்து முடித்தாள். கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் பொங்கல் வாங்கப் போனார்கள். நன்றாக இருந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. வெளியே குடியிருக்கும் அனுமதி ரத்து. மூன்று பேரும் முகாமுக்குத் திரும்ப வேண்டும்.

நெல்சன் அதை இன்னாசியிடம்தான் முதலில் சொன்னான். சந்தில் ஒரு மேடம் அவர்களை அன்று பார்த்ததாகச் சொன்னாராம் என்பதையும் சொன்னான், குற்றம் சொல்லாமல், கேள்விப்பட்டதைச் சொல்வதுபோல. அந்தச் சந்தில் ஒரு போலீஸ்காரர் மேடம் என்று கூப்பிடக்கூடிய பெண் ஒருத்திதான் இருந்தாள். இன்னாசி வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"நீ பாத்தியா அவள அன்னிக்கு?"

"பாத்தேன்."

"இன்னாத்துக்கு வந்தா?"

ஃப்ளோரன்ஸ் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஃப்ளாஸ்க் எட்க்க வந்தா. நீதான என்னாண்ட கஞ்சி குட்த்து அனுப்சே? அந்தப் புள்ள கையில ஊசி குத்திக்கினு கெடந்துச்சு, நான் போய்ப் பாத்துட்டு வந்து உன்னாண்ட சொன்னேன். பாதிய சொல்லிட்டு மீதிய முழுங்கிட்டியே ஃப்ளோரி. அவ உனுக்கு இன்னா பண்ணா?"

நன்றாகப் படிக்கிறாள் என்பதைத் தவிர ஜெசிந்தா அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. இன்னாசி எழுந்து வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் வீட்டில் சாப்பிட்டான், தூங்கினான், ஆனால் அவளோடு பேசவில்லை.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த நாளில் ஜெசிந்தா ஃப்ளோரன்ஸைப் பார்க்க வந்தாள். அவள் கொடுத்த டிரம்மைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே வரச்சொன்னதும் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஃப்ளோரன்ஸ் டிரம்மை ஓரமாக வைத்துவிட்டு, போலீஸ் என்னிடம் கேட்டார் என்று ஆரம்பித்தாள்.

"தெரியும் அக்கா. நீங்க பார்த்ததைத்தானே சொன்னீங்க" என்றாள் ஜெசிந்தா.

அது மன்னிப்பா குத்தலா என்று ஃப்ளோரன்ஸுக்குத் தெரியவில்லை. அந்தக் குரலில் இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தன. பிறகு ஜெசிந்தா மகளின் பள்ளியைப் பற்றிப் பேசினாள். அங்கே போனால் பள்ளி மாற்ற வேண்டும், அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, வாத்தியார்கள் இங்கேயே இருக்கட்டும் என்கிறார்கள், என்ன செய்வது. எழுந்து போகப் போனவள் கதவருகே நின்றாள்.

"உங்களில எனக்கு ஒரு பொறாமை இருந்தது அக்கா. இப்ப சொன்னா என்ன."

ஃப்ளோரன்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க கீரைக்காரியோட சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பீங்க. நான் மாடியில நின்டு பார்ப்பன். அப்படி ஒருநாள் கதைக்க வேணும் எண்டு ஆசையா இருக்கும். நான் பஸ்ஸில வாயைத் திறந்தா, நீ எந்த ஊர் எண்டுதான் முதல் கேள்வி. கோயில்ல மட்டும்தான் ஒருத்தரும் கேக்கிறேல்ல. அதாலதான் ஃபாதர் கூப்பிட்ட உடன ஓடி வந்தன். டிலானியைப் பாருங்கோ, ஒரு சொல்லு என்ர பேச்சு வராது. இந்தச் சந்துப் பிள்ளைதான். நான்தான் அப்படிப் பழக்கினன்."

அவள் போன பிறகு ஃப்ளோரன்ஸ் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் கல்லூரியில் வெட்கப்பட்டு மறைத்த பேச்சை ஒருத்தி தன் மகளுக்குக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நினைத்து அவளுக்கு உடனே நல்ல மனம் வந்துவிடவில்லை. முதலில் வந்தது எரிச்சல்தான். பொறாமையைக்கூட இவளால் ஒளிக்காமல் சொல்ல முடிகிறதே என்று இருந்தது. ஆனால் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இன்னாசியின் எதிரே போய் நின்றாள். "போலீஸாண்ட போணும். நீயும் வா" என்றாள். அவன் ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டான்.

விசாரணை அலுவலகத்தில் வெகுநேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வழியெல்லாம் அவள் சொல்ல வேண்டியதை மேடைத் தமிழில் கட்டி வைத்திருந்தாள். அதே மஃப்டிக்காரர் எதிரே வந்து உட்கார்ந்து என்ன மேடம் என்று கேட்டதும் கட்டி வைத்தது அத்தனையும் கலைந்துபோனது.

"சார், அன்னிக்கு நான் முழுசா சொல்லல சார். அந்தப் பொண்ணு ஃப்ளாஸ்க் எட்க்கத்தான் சந்துக்கு வந்துச்சு. புள்ள டெங்குல ஆஸ்பத்திரில கெடந்துச்சு, தோ, இவருதான் என் கையால வச்ச கஞ்சிய எட்த்துக்கினு போனாரு. எனுக்கு எல்லாம் தெரியும் சார். தெரிஞ்சிக்கினேதான் சொல்லாம வுட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"அவ மேல எனுக்கு வயித்தெரிச்சல் சார்."

மேடம் அம்மாவாகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இன்னாசி தலையைக் குனிந்துகொண்டான். போலீஸ்காரர் பேனாவை மூடினார். உத்தரவு மேலே போய்க் கையெழுத்தாகி வந்துவிட்டது, என் கையில் எதுவும் இல்லை, அந்தக் குடும்பம் மறுபடி விண்ணப்பித்தால் நீங்கள் சொன்னதை நான் எழுதுகிறேன், ஆனால் அது நடக்கும் என்று சொல்ல மாட்டேன் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, படிக்கிற பெண்ணை மட்டும் உள்ளூரில் யாராவது பொறுப்பேற்றால் பள்ளி முடியும்வரை இருக்க வைக்கச் சிபாரிசு செய்யலாம் என்றார்.

"எங்கூட்ல இருக்கட்டும்" என்றாள் ஃப்ளோரன்ஸ். இன்னாசியை அவள் கேட்கவில்லை. அவன் அப்போதுதான், பல நாளுக்குப் பிறகு, அவளை நிமிர்ந்து பார்த்தான்.

ஜெசிந்தா இதற்குச் சம்மதிப்பாள் என்று ஃப்ளோரன்ஸ் எதிர்பார்க்கவில்லை. ஜெசிந்தா ஒரு நாள் முழுவதும் பதில் சொல்லாமல் இருந்தாள். பிறகு மகளின் பையைத் தானே கொண்டுவந்து, மஸ்கட்டில் இருக்கும் மகனின் காலி அறையில் வைத்தாள். மகளுக்கு எந்தக் காய் பிடிக்காது, எப்போது தலைவலி வரும் என்று சொன்னாள். பிறகு அவளும் நெல்சனும் டெம்போவில் ஏறிப் போனார்கள். டிலானிக்கு மட்டும் பள்ளி முடியும்வரை அனுமதி கிடைத்தது; அவர்களின் புது விண்ணப்பம் எங்கேயோ கிடந்தது. பதில் வரவில்லை.

ஃப்ளோரன்ஸ் போலீஸில் போய்ச் சொன்னது பேரவையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நல்லது செய்தாள் என்றார்கள் சிலர். செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்றார்கள் சிலர். பிராங்கிளின் மட்டும், போலீஸில் போய் அப்படி வாயைத் திறக்கலாமா என்று கவலைப்பட்டார். ஃப்ளோரன்ஸ் மறுபடி ஞாயிறு வாசகம் வாசித்தாள். போட்டியில்லாத மேடை. ஆனால் வாசிக்கும்போதெல்லாம் காதுக்குள் இன்னொரு குரல் அதே வரியை இன்னும் சரியாக வாசித்தது. அது அவளை விட்டுப் போகவில்லை.

டிலானி வீட்டில் நன்றாக ஒட்டிக்கொண்டாள். இன்னாசியை மாமா என்றாள், ஃப்ளோரன்ஸை ஆன்ட்டி என்றாள். கீரைக்காரியிடம் அவளே பேரம் பேசினாள். ஃப்ளோரன்ஸ் பின்னால் நின்று கேட்டுச் சிரித்தாள். தன் பேச்சு இன்னொரு வாயில் கூச்சமில்லாமல் வருவதைக் கேட்க அவளுக்கு ஒரு பெருமையாகக்கூட இருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா மகளைப் பார்க்க வந்தாள். முன்பு வந்தபோதெல்லாம் பள்ளியில்தான் பார்த்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. முன்னைவிட இளைத்திருந்தாள். டிலானி ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"குந்தும்மா. ஆன்ட்டி டீ போட்டுக்கினு கீது. ஆன்ட்டி, அம்மாக்கு சக்கர கம்மியா போடு."

சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்து ஃப்ளோரன்ஸின் தோளில் சாய்ந்துகொண்டு, எந்த டம்ளர் என்று கேட்டாள். ஃப்ளோரன்ஸ் தற்செயலாகத் திரும்பி ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்ததை அவள் உடனே அறிந்துகொண்டாள். உதடு லேசாக இறுகி, கண் மகளின் தலை சாய்ந்திருந்த தோளிலேயே நின்றது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் மிசலை விரித்து வைத்துக்கொண்டு தான் உட்கார்ந்திருந்தபோது தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவள் டிலானியின் கையில் டம்ளரைக் கொடுத்து, "நீ போய் உங்கம்மாவுக்குக் குடு" என்றாள். தனக்கு ஊற்றியதைச் சமையலறையிலேயே நின்று குடித்தாள். மதியம் மூவருமாகக் கடற்கரைக்குப் போவதென்று டிலானி திட்டம் போட்டிருந்தாள். ஃப்ளோரன்ஸ் தனக்குத் துணி துவைக்க இருக்கிறது என்றாள்.

"நாளைக்குத் துவச்சிக்கலாம் ஆன்ட்டி."

"உங்கம்மாவ இஸ்துக்கினு போ. பஸ் ஏத்தி வுட்டுட்டு இருட்டறதுக்குள்ள வந்துடு."

ஜெசிந்தா கிளம்பும்போது ஃப்ளோரன்ஸின் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். தாயும் மகளும் படியிறங்கினார்கள். துவைக்க ஒன்றும் இல்லாததால் ஃப்ளோரன்ஸ் ஜன்னலருகே நின்றாள். கீழே சந்தில் தாய் ஏதோ கேட்க மகள் பதில் சொல்லிக்கொண்டு போனாள்.

"ஓமம்மா, நான் சாப்பிடுறனான்தானே. நீங்கள் யோசிக்காதேங்கோ."

அச்சு அசல் ஜெசிந்தாவின் குரல். அந்தப் பேச்சு வராது என்று தாயே நினைத்திருந்தாள். இந்த வீட்டில் இத்தனை மாதத்தில் ஒருநாளும் டிலானி அப்படிப் பேசியதில்லை. ஃப்ளோரன்ஸ் அவர்கள் சந்து முனையில் திரும்பும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள். சாப்பிட்டாயா என்று இன்னாசி உள்ளேயிருந்து இரண்டு முறை கேட்டான். பசியில்லை என்றாள்.